பிறந்தநாள் 'பேக்டிராப்' - வீட்டிலேயே செய்யலாம்... ஆனால் விழாமல் நிற்குமா?

முதல் பிறந்தநாள், வளைகாப்பு, நிச்சயதார்த்தம், 21ஆம் பிறந்தநாள்... விருந்து எதுவாக இருந்தாலும் வருபவர்கள் முதலில் கேட்பது, "எங்கே நின்னு படம் எடுக்கிறது?" என்பதுதான்.

சாப்பாடு, கேக், இடம் எல்லாவற்றுக்கும் காசு போன பிறகு 'பேக்டிராப்' எனப்படும் பின்னணித் திரையையும் வாடகைக்கு எடுப்பதா என்று யோசிக்கிறீர்களா? அதைத் தாங்கி நிற்கும் சட்டத்தை நீங்களே செய்துவிடலாம். பிளாஸ்டிக் குழாய், சில இணைப்புகள், ஒரு மாலை நேரம். அவ்வளவுதான்.

ஆனால் பலரும் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தை நிற்கவைப்பது சுலபம். விழாமல் வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

எனக்கு அது அனுபவத்தில் தெரிந்தது. அக்கா மகளின் முதல் பிறந்தநாளுக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில், அதான் நம்ம 'வாய்ட் டெக்'கில், நானே ஒரு சட்டம் செய்து வைத்தேன். குழாயும் இணைப்புகளும் சேர்த்து 40 வெள்ளிக்குள் முடிந்தது. பெருமை தாங்கவில்லை. கேக் வெட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு காற்று அடித்தது. சேலை பாய்மரம்போல் விரிந்தது. சட்டம் அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, குழந்தை அப்போது பாட்டி மடியில் இருந்தாள். அவளை உட்காரவைக்க நாங்கள் போட்டிருந்த சின்ன நாற்காலிமேல்தான் மேல் குழாய் விழுந்தது.

தப்பு காற்றின்மேல் இல்லை. கால்களில் நான் எடை எதுவும் வைக்கவில்லை!

என்னென்ன வாங்க வேண்டும்?

2 மீட்டர் அகலம், ஏறக்குறைய 2 மீட்டர் உயரம் உள்ள சட்டத்துக்கான கணக்கு இது. நான்கைந்து பேர் நின்று படம் எடுக்கப் போதும்.

ஹார்ட்வேர் கடையில் 1 அங்குல பிவிசி தண்ணீர்க் குழாய் கேளுங்கள். அளக்கும்போது வெளிவிட்டம் 33 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். "1 அங்குலம்னு சொன்னாங்களே" என்று குழம்ப வேண்டாம். அது குழாய் ரகத்தின் பெயர். வெளிப்புற அளவு அல்ல.

குழாய் நீளமாகத்தான் வரும். கடையிலேயே இப்படி வெட்டித் தரச் சொல்லுங்கள்:

- 2 மீட்டர் - 2 துண்டு (மேல் குழாய், கீழ்க் குறுக்குக் குழாய்)
- 1.8 மீட்டர் - 2 துண்டு (நிற்கும் குழாய்கள்)
- 15 சென்டிமீட்டர் - 2 துண்டு (காலுக்கும் குறுக்குக் குழாய்க்கும் இடையில்)
- 45 சென்டிமீட்டர் - 4 துண்டு (கால்கள்)

மொத்தம் 9.7 மீட்டர். இவற்றோடு 'எல்' வடிவ இணைப்பு 2, 'டி' வடிவ இணைப்பு 4, கால் நுனிக்கு மூடி 4.

ஒரு எச்சரிக்கை: மின்கம்பி போடும் குழாயும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அளவு வேறு. தண்ணீர்க் குழாயின் இணைப்பு அதில் பொருந்தாது. கடையைவிட்டு வெளியே வருவதற்கு முன் ஒரு துண்டைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பூட்டுவது?

முதலில் கால். ஒரு 'டி' இணைப்பின் இரு பக்கமும் 45 சென்டிமீட்டர் துண்டுகளைச் செருகுங்கள். நடு வாய் மேலே பார்த்தபடி இருக்கட்டும். நுனிகளுக்கு மூடி போடுங்கள். இதேபோல் இன்னொன்று. இவை இரண்டும் முன்னும் பின்னுமாக நீளும் கால்கள்.

அடுத்து, மேலே பார்க்கும் வாயில் 15 சென்டிமீட்டர் துண்டு. அதன்மேல் இன்னொரு 'டி'. இதன் நடு வாய் பக்கவாட்டில், எதிர்க் காலைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டையும் 2 மீட்டர் குறுக்குக் குழாயால் இணையுங்கள். கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துக்கொள்வது இந்தக் குழாய்தான்.

அதன்மேல் 1.8 மீட்டர் குழாய்களை நிறுத்துங்கள். உச்சியில் 'எல்' இணைப்பு. இடையே மேல் குழாய். முடிந்தது!

பசை தேவையா? வேண்டாம். அழுத்திச் செருகினாலே பிடிக்கும். தளர்வாகத் தெரிந்தால் குழாய் நுனியில் காகித ஒட்டுநாடாவை ஒரு சுற்று சுற்றிச் செருகுங்கள். பசை போட்டுவிட்டால் பிறகு கழற்ற முடியாது. கழற்றினால்தான் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம், அடுத்த விருந்துக்கும் எடுக்கலாம்.

மேல் குழாய் நடுவில் தொய்கிறதா? உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு மரக்கம்பைச் செருகுங்கள். நிமிர்ந்துவிடும்.

துணிக்கு எங்கே போவது?

அம்மாவின் அலமாரிக்குத்தான்! ஒரு சேலை சுமார் 5.5 மீட்டர் நீளம், 1.1 மீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலம். மேல் குழாயின்மீது போட்டு, முன்பக்கம் தரைக்குச் சற்று மேலே வரை தொங்கவிடுங்கள். மிச்சத்தைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள்.

இரண்டு சேலை போட்டால் அகலம் நிறைந்துவிடும். மூன்று போட்டால் அழகாக மடிப்பு விழும். பட்டுச் சேலையில் ஊசி குத்தினால் அம்மாவிடம் திட்டு நிச்சயம். துணி காயப்போடும் கிளிப்பைப் பயன்படுத்துங்கள். சேலை வேண்டாம் என்றால் பெரிய மெத்தை விரிப்பு ஒன்று போதும். ஆனால் தேய்த்துவிட்டுப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்கூடப் படத்தில் தெரியும்.

சரி, ஏன் விழுகிறது?

துணியோடு சேர்த்து இந்தச் சட்டத்தின் எடை ஐந்தாறு கிலோதான். ஆனால் காற்றுக்கு அது காட்டும் பரப்பு 4 சதுர மீட்டர்.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தில் இலைகள் ஓயாமல் அசையும். நமக்கு "அப்பாடா, நல்ல காத்து" என்று இருக்கும். அந்தக் காற்று இந்தத் துணியைத் தள்ளுவது, சுமார் 7 கிலோ எடையை வைத்துத் தள்ளுவதற்குச் சமம். அதுவும் தரையில் அல்ல, சுமார் 1 மீட்டர் உயரத்தில். அதை எதிர்த்து நிற்க இருப்பதோ 45 சென்டிமீட்டர் நீளக் கால். சட்டத்தின் எடை மட்டும் அதற்குப் போதாது.

இன்னொன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு! 7 கிலோ 28 கிலோவாகிவிடும்.

சிங்கப்பூரில் 'சுமத்ரா' சூறைக்காற்று வரும்போது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசுவது வழக்கம். அந்த வேகத்தில் தள்ளும் விசை 34 கிலோவைத் தாண்டும். எந்தப் பிளாஸ்டிக் சட்டமும் அதற்கு ஈடு கொடுக்காது.

அப்படியென்றால் எவ்வளவு எடை வைக்கணும்?

வீட்டு ஹாலில்: நான்கு கால் நுனியிலும் ஆளுக்கொன்றாக 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல். கூரை மின்விசிறிக் காற்றையும், ஓடி வந்து இடிக்கும் பிள்ளைகளையும் சமாளிக்க இது உதவும். போத்தலைச் சும்மா பக்கத்தில் வைக்காதீர்கள். காலோடு சேர்த்துக் கட்டுங்கள்.

கீழ்த்தளத்தில்: ஒவ்வொரு நுனிக்கும் 5 கிலோ, மொத்தம் 20 கிலோ. 5 கிலோ அரிசிப் பை நான்கு இருந்தால் வேலை முடிந்தது. விருந்து முடிந்ததும் அரிசி சமையலறைக்குத் திரும்பிவிடும், செலவே இல்லை!

 

"குழாய்க்குள்ளே மணல் நிரப்பினால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. ஒரு 45 சென்டிமீட்டர் காலுக்குள் அரைக் கிலோ மணல்கூடக் கொள்ளாது.

துணியின் அடிப்பகுதியைக் கீழ்க் குழாயோடு இழுத்துக் கட்டிவிடாதீர்கள். தளர்வாக இருந்தால் துணி விலகிக் காற்றுக்கு வழிவிடும். இறுக்கிக் கட்டினால் முழு விசையும் சட்டத்தின்மேல்தான்.

மரத்தில் சிறு கிளைகள் ஆடத் தொடங்கிவிட்டனவா? வானம் இருட்டிக்கொண்டு வருகிறதா? யோசிக்காமல் துணியைக் கழற்றுங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே வைக்கலாம்? எங்கே வைக்கக்கூடாது?

கீழ்த்தளத்தில் விருந்து என்றால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சட்டத்தைத் தண்ணீர்க் குழாய்களிலோ தீயணைப்புச் சாதனங்களிலோ கட்டிவைக்க வேண்டாம்.

வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைபாதையில் வைக்கும் எண்ணம் இருக்கிறதா? அவசரத்தில் மக்கள் வெளியேற அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கால்களே 90 சென்டிமீட்டர் நீளம். பேசாமல் ஹாலிலேயே வைத்துவிடுங்கள்.

கேக் மேசையைத் துணியிலிருந்து 1 மீட்டராவது முன்னால் தள்ளிப் போடுங்கள். மெழுகுவத்தியும் தொங்கும் துணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஆட்களின் நிழல் துணியில் விழாது, படமும் தெளிவாக வரும்.

கீழ்த்தளத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்துதான் வரும். திரையை உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். படம் எடுப்பவரின் முதுகு திறந்த பக்கத்தைப் பார்க்கட்டும். மாற்றி வைத்தால் முகங்கள் கறுத்துப்போகும். காற்றும் உள்சுவர்ப் பக்கம் குறைவாகத்தான் இருக்கும்.

விருந்தினர் வருவதற்கு முன்...

ஒரு சின்னச் சோதனை. எடைகளைக் கட்டியபின், மேல் குழாயை இரண்டு விரலால் முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். கால் நுனி தரையைவிட்டு எழும்பினால் இன்னும் எடை வேண்டும் என்று அர்த்தம். பலூன் மாலை கட்டுவதாக இருந்தால், கட்டிய பிறகும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பலூனும் காற்றைப் பிடிக்கும்.

அக்காவின் இரண்டாவது மகனுக்கும் முதல் பிறந்தநாள் வந்தது. அதே குழாய்கள், அதே சேலைகள். இந்தத் தடவை நான்கு அரிசிப் பைகள். வந்தவர்கள் யாரும் அந்தப் பைகளைக் கவனிக்கவில்லை. அவற்றை மறைக்கத்தான் அவற்றின் முன்னால் பூந்தொட்டிகள் இருந்தனவே!

குழாயில் சிக்கனம் பிடிக்கலாம், துணியில் சிக்கனம் பிடிக்கலாம். எடையில் மட்டும் வேண்டாம். அந்தத் திரைக்கு முன்னால் உட்காரப்போவது உங்கள் வீட்டுக் குழந்தை.