முனையில்லாத எழுத்து

கூப்பர் பிளாக் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கூட அந்த எழுத்தைப் பார்த்திருப்பார். எம்.எஸ். வேர்டின் எழுத்துருப் பட்டியலை இறக்கிக்கொண்டே போனால், கான்ஸ்டன்ஷியாவைத் தாண்டியதும் குண்டாக வந்து நிற்கும். நீரில் ஊறிய உளுந்துபோல உப்பிய உடம்பு, ஓரமெல்லாம் மழுங்கல். இன்று நேற்று வந்த கணினி எழுத்துப்போலத் தெரிகிறது. நூறு வயதைக் கடந்துவிட்டது.

இந்தக் குண்டு உடம்பின் பூர்வீகத்தைத் தேடினால் லண்டன் லாட்டரிச் சீட்டு விளம்பரங்களில் போய் நிற்போம். அதுவரை அச்செழுத்துகள் பெரும்பாலும் புத்தகத்துக்காகவே வார்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெருவில் நடப்பவரைச் சுவரிலிருந்தே கூப்பிட்டு நிறுத்தும் எழுத்து லாட்டரிக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. ராபர்ட் தார்ன் போன்ற வார்ப்பாளர்கள் புத்தக எழுத்தின் தடித்த கோடுகளை மேலும் மேலும் கொழுக்க வைத்தார்கள். ஆனால் சுவரொட்டிக்கு ஏற்ற அளவில் ஈயத்தில் வார்த்தால் எழுத்து கனத்துப்போகும், விலையும் கூடும். 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் கடையும் இயந்திரத்தால் மரத்தில் எழுத்துகளைக் குடைந்தெடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அமெரிக்கச் சுவர்களில் குண்டெழுத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆஸ்வால்ட் கூப்பர் 1879இல் ஒஹையோவில் பிறந்தவர். கான்சஸில் ஓர் அச்சகத்தில் எடுபிடியாக இருந்துவிட்டு, ஓவியராகும் ஆசையோடு சிகாகோ வந்தார். ஃபிராங்க் ஹோம் பள்ளியில் சேர்ந்த பிறகு, தன் கை ஓவியத்தைவிட எழுத்து வரைவதில்தான் ஓடுகிறது என்று கண்டுகொண்டார். அங்கே எழுத்துக்கலை கற்பித்தவர் ஃபிரெடெரிக் கௌடி. 1904இல் நண்பர் ஃபிரெட் பெர்ட்ஷுடன் சேர்ந்து கூப்பர் விளம்பர வடிவமைப்புக் கடை போட்டார். பேக்கர்ட் கார் விளம்பரங்களுக்கு அவர் கையால் வரைந்த எழுத்தையே பார்த்து ஒரு வார்ப்பு நிறுவனம் அச்செழுத்தாக வெளியிட்டது. ‘பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்’ என்ற சிகாகோ நிறுவனம் புதிய எழுத்தை வரைந்து தரும்படி அவரிடமே நேராகக் கேட்டது. அப்படிப் பிறந்தது கூப்பர் ஓல்ட் ஸ்டைல். அதன் கொழுத்த தம்பியாக 1922இல் விற்பனைக்கு வந்தது கூப்பர் பிளாக்.

அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் பாதங்கள் தட்டையாக உட்காராமல் அடிக்கோட்டுக்குக் கீழே சற்றே பிதுங்குகின்றன. சின்ன ‘ஓ’வின் உள்துளை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. ‘ஐ’யின் மேல்புள்ளி வட்டமாக இல்லாமல், சரிந்த முட்டை வடிவில் இருக்கிறது. கீழே தொங்கும் வால்கள் குட்டையானவை. அதனால் வரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கலாம். அளவுகோல் வைத்து வரைந்ததாகவே தெரியாது, தூரிகையின் சூடு இன்னும் ஆறாததுபோல இருக்கும். இந்தக் கைவாசனைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. 

பழமைவாத அச்சுக்கலைஞர்களுக்கு இது கருப்பு அபாயமாகத் தெரிந்தது. விளம்பரக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், பார்ன்ஹார்ட் நிறுவனத்தின் எழுத்துகளில் அதிகம் விற்றதும் இதுதான். உடனே போலிகளும் கிளம்பின. லட்லோ நிறுவனம் ஒன்றை விட்டது, லைனோடைப் இன்னொன்றை விட்டது. லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் தனக்கும் இதுபோல ஒன்று வேண்டும் என்று கேட்டுப் போய் நின்றது கௌடியிடம். 1925இல் கௌடி ஹெவிஃபேஸ் வெளிவந்தது. மாணவரின் எழுத்துக்குப் போட்டியாக ஆசிரியரே எழுத்து வரைந்தார்! தட்டிக்கேட்கச் சட்டமும் பெரிதாக உதவவில்லை. எழுத்துருவின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியே விட்டது.

கூப்பர் 1940இல் காலமானார். அவருடைய எழுத்து ஈயத்தோடு சேர்ந்து ஓய்ந்திருக்க வேண்டியது. 1960களில், எழுத்தை ஃபிலிமில் படமாக வைத்துக் கோக்கும் ஒளி அச்சுக்கோப்பு அதற்கு மறுபிறவி கொடுத்தது. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் உலோகக் கட்டை உண்டு, அதற்குமேல் நெருக்க முடியாது. ஃபிலிமில் அந்தத் தடை இல்லை. முனையில்லாத இந்த எழுத்துகள் உரசிக்கொண்டு நின்றாலும் அழகாகவே இருந்தன. 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையில் இடம்பிடித்தது, 1968இல் பிபிசியின் ‘டாட்’ஸ் ஆர்மி’ தொடரின் தலைப்பில் ஏறியது. தாளின் மேல் பென்சிலால் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் வந்ததும், அச்சகப் படியே மிதிக்காதவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

1970களில் நியூயார்க் டி-ஷர்ட் கடைகள். வெல்வெட் போன்ற எழுத்துகளைத் தனித்தனியாகக் கோத்து, சூடான இயந்திரத்தில் அழுத்திப் பனியனில் ஒட்டித் தருவார்கள். மெல்லிய கோடோ கூர்முனையோ இருந்தால் துவைக்கத் துவைக்க அங்கிருந்துதான் பெயரும். தடித்து உருண்ட கூப்பர் பிளாக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. ஹிப் ஹாப் பிறந்த தெருக்களில் இளைஞர்கள் தங்கள் பட்டப்பெயரையும் ஆட்டக்குழுவின் பெயரையும் இந்த எழுத்தில்தான் நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டார்கள். எந்த விளம்பர நிறுவனமும் திட்டமிட்டுத் தேடித்தராத பெருமை அது.

1995இல் ஸ்டெலியோஸ் ஹாஜி-இயோவானு லண்டனை அடுத்த லூட்டனிலிருந்து ஈஸிஜெட் விமானங்களைப் பறக்கவிட்டார். மலிவுக் கட்டணம், ஆரஞ்சு நிறம், கூப்பர் பிளாக். ‘ஈஸி’ என்ற பெயரையும் அந்தத் தோற்றத்தையும் காக்க அவருடைய குழுமம் இன்றுவரை வழக்கு மேல் வழக்குப் போட்டுவருகிறது. ஆரஞ்சு நிறத்தின் மேல் வெள்ளை நிறக் கூப்பர் பிளாக் என்பது அந்தத் தோற்றத்தின் ஓர் அங்கம். 2023இல் ‘ஈஸி லைஃப்’ என்ற பிரிட்டிஷ் இசைக்குழு அந்தப் பெயருக்கான வழக்கைச் சமாளிக்க முடியாமல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.