இறகுப்பந்து வீச்சும் முழங்கை வலியும்

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்துவிட்டு மாலையில் இறகுப்பந்து ஆடுபவரா நீங்கள்? எனில், உங்கள் முன்கைத் தசைகள் ஒரே நாளில் இருமுறை உழைக்கின்றன.

ஸ்மாஷ் அடியின் விசை மணிக்கட்டில் பிறப்பதாகப் பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. பின்கால் தரையை உந்துவதில் தொடங்கும் விசை இடுப்பு வழியாகத் தோளை அடைகிறது. அங்கு மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் மேற்கையை உட்புறமாகச் சுழற்றுகின்றன. முத்தலைத் தசை முழங்கையை நீட்டுகிறது. இறுதியில், உள்ளங்கை வெளிநோக்கித் திரும்பும்படி முன்கை சுழல்கிறது. மட்டையின் வேகம் பெரிதும் இவ்விரு சுழற்சிகளால் கிடைப்பதே. அடித்தபின் விரையும் கையைத் தடுத்து நிறுத்துபவை தோளின் பின்புறமுள்ள சிறு தசைகள்; அவை களைத்தால் தோள் வலிக்கும்.

பேக்ஹேண்ட் அடியில் முன்கை எதிர்த்திசையில் திரும்புகிறது. வலக்கையால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து ஒரு திருகாணியை இறுக்கிப் பாருங்கள், அதே அசைவுதான். மேலும், எதை இறுகப் பிடித்தாலும் மணிக்கட்டு உட்புறம் மடங்காதபடி முன்கையின் வெளிப்புறத் தசைகள் தாங்குகின்றன. அத்தசைகளின் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் ஒட்டியுள்ளது. பகலில் ஸ்பேனர், மாலையில் மட்டை, அத்திப்பள்ளியிலிருந்து வந்து செல்வோருக்கு இடையில் இருசக்கர வாகனத்தின் கைப்பிடி என அது ஓய்வின்றி இழுபடும்போது நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. இதுவே ‘டென்னிஸ் எல்போ’. பெயர் அவ்வாறிருப்பினும், இதனால் துன்புறுவோரில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்களே.

தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும் ஈரத்துணியைப் பிழியும்போதும் அவ்விடம் வலிக்கிறதா? சில வாரங்களுக்கு பேக்ஹேண்ட் அடிகளைத் தவிர்க்கவும். மேற்பார்வையாளரிடம் கூறி, இறுகப் பிடிக்கும் வேலையை இயன்றவரை மாற்றிக்கொள்ளவும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடச் செல்ல வேண்டாம். மீண்டும் ஆடும்போது மட்டையைத் தளர்வாகப் பிடித்து, அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்குங்கள்.

வலி தணியத் தொடங்கியபின், முன்கையை மேசைமீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடியுங்கள். மறுகையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, உதவியின்றி மெல்ல இறக்குங்கள். தசைநாணை வலுப்படுத்துவது இந்த இறக்கமே; ஆகவே அவசரம் வேண்டாம்.

விரல்கள் மரத்தல், வீக்கம், பிடியில் திடீர்த் தளர்ச்சி ஆகியவை தோன்றினாலோ, வலி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ அரசு மருத்துவமனையின் எலும்பு மற்றும் மூட்டு சிகிச்சைப் பிரிவை அணுகவும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்திற்குச் செல்லலாம். தொலைபேசி ஆலோசனைக்கு: 104.