செக்கின் சுழற்சியும் ஆற்றலும்: செங்கல்பட்டுச் சீமையை முன்வைத்து

சோழர் காலக் கல்வெட்டுகளில் இடம்பெறும் செக்கிறை பெரும்பாலும் வரிவரலாற்றின் ஒரு கூறாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. வரிக்குரிய பொறி எவ்வாறு இயங்கியது என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1763இல் பெற்ற செங்கல்பட்டுச் சாகீரில், மாமல்லபுரக் கரையோரச் சிற்றூர்கள் உட்பட ஏறத்தாழ 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளவிட்டார். குடிகளைத் தொழில்வாரியாகப் பதிந்த அவ்வாவணங்களைப் பிற்காலத்தில் தரம்பால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். செக்காட்டும் வாணியரை அவற்றில் தேடும் ஆய்வாளர், செக்கின் இயக்கத்தையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

செக்குமாடு செல்வது கிடைமட்ட வட்டப்பாதை. அதன் ஆரம் 2.5 மீட்டர், மாட்டின் இழுவிசை 450 நியூட்டன், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 25 நொடி எனக் கொள்வோம். ஒரு சுற்றின் நீளம் 15.7 மீட்டர், செய்யப்படும் வேலை ஏறத்தாழ 7,070 ஜூல், திறன் 280 வாட்டுக்குச் சற்று மேல். 350 கிலோ எடையுள்ள மாட்டை வட்டத்தில் நிறுத்தத் தேவையான மையநோக்கு விசை 55 நியூட்டன் அளவே. குளம்புக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு அதனைத் தருகிறது. இயக்கத்திசைக்குச் செங்குத்தாக அமைவதால் அது வேலை எதுவும் செய்வதில்லை. எண்ணெய் பிழிவது தொடுகோட்டுத் திசையிலான இழுவையே. ஆரத்தைக் கூட்டினால் இழுவிசை குறையும், நடை நீளும். ஒரு சுற்றுக்கான வேலை மாறாது.

நடக்கும் மாட்டின் இயக்க ஆற்றல் 70 ஜூல்தான். ஒரு சுற்றின் வேலையில் நூற்றில் ஒரு பங்கு. குயவரின் சக்கரம் ஒருமுறை கோலால் உந்தப்பட்டபின் தன் கனத்தில் ஆற்றலைச் சேமித்துச் சுழலும். செக்கில் அத்தகைய சேமிப்பு இல்லை. மாடு நின்றால் உலக்கையும் நிற்கும். உரலுள் செலுத்தப்படும் ஆற்றல் வித்தை நசுக்குவதிலும் வெப்பமாவதிலும் அப்போதைக்கப்போதே தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு செக்கின் நாள் உற்பத்திக்கு மாட்டின் உழைப்பே எல்லை. எண்ணெயை அளக்காமல் செக்கின் மீதே இறை விதித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனை வரையறுத்ததும் இத்தகைய வட்டப்பாதையில்தான் என்பது பலர் கவனியாத செய்தி. 12 அடி ஆரத்தில் மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு இழுவை என்று கொண்டு அவர் பெற்ற 32,572 என்னும் எண்ணே நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என முழுமையாக்கப்பட்டது. அஃது ஏறத்தாழ 746 வாட்.

நாள் முழுதும் உழைக்கும் மனிதரின் திறன் 75 வாட் அளவினது. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்த வரலாற்றை இக்கணக்கோடு சேர்த்துப் படித்தால், மாட்டுக்கென அமைந்த நுகத்தில் மனிதரைப் பூட்டியதன் கொடுமை எண்ணளவிலேயே புலப்படும்: மாடு ஒரு சுற்றுக்குச் செலவிடும் 7,070 ஜூலை ஈட்ட ஒருவருக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகும்.