ஒரு நர்ஸம்மாவின் லெட்ஜரும் நம்ம ஊர் ஹார்ட் அட்டாக்கும்

"சிகரெட் இல்ல, தண்ணி இல்ல, ஆளும் ஒல்லி. எனக்கு எப்படி சார் ஹார்ட் அட்டாக்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத டாக்டரே நம்ம ஊரில் இருக்க மாட்டார். பதிலில் ஒரு பகுதி, 1911ல் இங்கிலாந்தில் எழுத ஆரம்பித்த சில லெட்ஜர்களில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்காருங்க.

போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் ஏகப்பட்ட பேர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிரிட்டனே பயந்துபோனது. குழந்தையிலிருந்தே கவனிக்கணும் என்ற பேச்சு சூடு பிடித்தது.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்டியின் தலைமை ஹெல்த் விசிட்டர் எத்தல் மார்கரெட் பர்ன்சைட். அவர் ஏற்பாட்டில், பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிறந்த எடையைக் குறித்து வைப்பார். பிறகு ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கே போவார். தாய்ப்பாலா, புட்டிப்பாலா? என்ன நோய் வந்தது? ஒரு வயதில் எத்தனை பல்? எவ்வளவு எடை? எல்லாம் லெட்ஜரில் ஏறும். 1948 வரை இது நடந்தது. இதை வைத்து ஒருநாள் மாரடைப்பை ஆராய்வார்கள் என்று எழுதிய யாருக்கும் தெரியாது.

அடுத்து டேவிட் பார்க்கர். 1986ல் அவரும் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸின் 212 பகுதிகளை ஒப்பிட்டார்கள். 1921-25ல் பச்சிளம் குழந்தைகள் அதிகம் இறந்த அதே ஏழைப் பகுதிகளில்தான், 1968-78ல் இதய நோய்ச் சாவுகளும் அதிகம்! மாரடைப்பு வசதி வந்தால் வரும் நோய் என்று நம்பியிருந்த காலம் அது. பலர் ஏற்கவில்லை. ஏழைகள் புகை அதிகம் பிடிப்பதால் இருக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்குத்தான் லெட்ஜர் தேவைப்பட்டது. 1911-30ல் பிறந்த 5,654 ஆண்களைத் தேடிப் பிடித்தார்கள். (ஏன் ஆண்கள் மட்டும்? கல்யாணமானதும் பெண்களின் பெயர் மாறிவிடும். கண்டுபிடிப்பது கஷ்டம்.) நாட்டின் சராசரி இதய நோய்ச் சாவை 100 என்று வைத்தால், ஒரு வயதில் 18 பவுண்டு, அதாவது சுமார் 8 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு 111. 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு வெறும் 42.

சரி, காரணம் என்ன? கருவில் சத்து பத்தாதபோது உடம்பு முதலில் மூளையைக் காப்பாற்றும். கிச்சன்ல அரிசி கம்மின்னா யாருக்கு முதல்ல பரிமாறுறோம்? அதே கணக்கு. கணையம், தசை, கிட்னி எல்லாம் கைக்கு வந்ததை வைத்துச் சமாளிக்கும். கிட்னியின் வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் எண்ணிக்கை கூடாது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1934லிருந்தே பிறந்த எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் பதிவாகியிருந்தன. நம்மிடம் ரெக்கார்டே கிடையாது என்று புலம்புபவர்கள் கவனிக்க! அங்கே 1934-54ல் பிறந்த 517 பேரைப் பரிசோதித்து 1996ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11% பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3%.

உடனே "அம்மா சரியா சாப்பிடல" என்று கிளம்பாதீங்க. அந்த அம்மாவே சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவராக இருக்கலாம். எடை குறைவாகப் பிறந்தால் நோய் நிச்சயம் என்பதும் இல்லை. 11% என்றால் மீதி 89% பேருக்கு இல்லை.

பாட்டிகளுக்காக டெல்லி ஆய்வு. 1969-72ல் பிறந்தவர்களை அங்கே தொடர்ந்து அளந்தார்கள். இளவயதிலேயே சுகர் கோளாறு வந்தவர்கள், இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, அதற்குப் பிறகு சீக்கிரமே சதை போட ஆரம்பித்தவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட "குண்டு" இல்லை! ஆகவே ஒல்லியாகப் பிறந்த பேரனை மூன்று வயதுக்கு மேல் பிஸ்கெட்டும் பூஸ்டும் கொடுத்து "தேத்த" வேண்டாம். உங்கள் டாக்டரிடம் வளர்ச்சி வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

அதே மைசூர் ஆஸ்பத்திரியில் 1997-98ல் கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த 600க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். கர்ப்பகால சுகர் இருந்த அம்மாக்களின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே தோலடிக் கொழுப்பும் இன்சுலினும் கூடுதல். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இனி அம்மா ஆகப்போகிறவர்கள்.