தமிழ்த் திரையில் ஜோடிப் பொருத்தமும் நடிகையின் வயதும்

தமிழ்ப் படங்களில் நாயகனுக்கும் அவனுக்கு ஜோடியாகும் நடிகைக்கும் உள்ள வயது வித்தியாசம் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. 1940களின் சேலத்துப் படங்களில் அது ஐந்தாறு ஆண்டு. 1965இல் எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் இடையில் முப்பத்தொன்று. நாயகன் முப்பது ஆண்டு நாயகனாகவே நீடிக்கத் தொடங்கிய பிறகு உண்டான நிலைமை இது. கூடவே இன்னொரு வழக்கமும் வேரூன்றியது: ஒரு நடிகரின் மனைவியாக நடித்தவர் சில ஆண்டுகளில் அவருக்கே தாயாக நடிப்பது. வயது வித்தியாசத்தைப் பற்றிய பேச்சில் முதலாவதுதான் அதிகம் அடிபடுகிறது. நடிகைகளின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது இரண்டாவதுதான்.

மலையடிவாரத்து ஸ்டுடியோ

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், சேர்வராயன் மலைத்தொடர் கண்ணெதிரே தெரியும் இடத்தில் ஒரு பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் மிஞ்சியது அதுதான். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்த நிறுவனத்தின் பெயரில் வந்தன. நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்குச் சேலத்திலேயே தங்கி வேலை பார்த்தார்கள். முதலாளியின் கண்டிப்பு பேர்போனது. அங்கே நாயகனும் சம்பளக்காரன், நாயகியும் சம்பளக்காரி. படம் ஓடியது கம்பெனியின் பெயருக்காக. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக்கால ஜோடிகளைப் பார்க்க வேண்டும்.

'உத்தம புத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம் போட்ட பி. யு. சின்னப்பாவுக்கு 24 வயது, நாயகி எம். வி. ராஜம்மா அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். 'மனோன்மணி'யில் (1942) சின்னப்பாவுக்கு 26, டி. ஆர். ராஜகுமாரிக்கு 20. 'சர்வாதிகாரி'யில் (1951) எம்.ஜி.ஆருக்கு 34, அஞ்சலி தேவிக்கு 24. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956 பொங்கலுக்கு வந்தபோது எம்.ஜி.ஆர். 39ஐ எட்டிக்கொண்டிருந்தார், பி. பானுமதிக்கு 30. அப்போது பானுமதி எம்.ஜி.ஆரைவிடப் பெரிய நட்சத்திரம், சொந்தப் படக் கம்பெனி வைத்திருந்தவர். வித்தியாசம் மெல்லக் கூடுவது இந்த வரிசையிலேயே தெரிகிறது. ஆனாலும் எல்லாம் சுமார் பத்து ஆண்டுக்குள். சேலத்துக்கு வெளியே நிலைமை வேறாகவும் இருந்தது: 'ஹரிதாஸ்' (1944) படத்தில் தியாகராஜ பாகவதர் ராஜகுமாரியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

இந்த ஸ்டுடியோவின் படங்களில் தனியாகச் சொல்ல வேண்டியது 'மந்திரி குமாரி' (1950). எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி வசனம் எழுதினார். எம்.ஜி.ஆர். நாயகன்தான்; ஆனால் படத்தின் பெயரும் உச்சக்கட்டமும் மாதுரி தேவிக்கு உரியவை. கொள்ளைக்காரக் கணவனாக வரும் எஸ். ஏ. நடராஜன் அவளை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். பின்னணியில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுகிறார்கள். தள்ளிவிடப் போகிறான் என்று தெரிந்ததும், சாகுமுன் கணவனை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள் அவள். சுற்றி வந்து, பின்னாலிருந்து அவனையே தள்ளிவிடுகிறாள். அந்தக் காட்சி எடுத்த இடம் ஏற்காடு மலைதான் என்று சேலத்தில் இன்றும் சொல்வார்கள். மாதுரி தேவிக்கு அப்போது இருபதுகளின் முற்பகுதி. நாயகனுக்கு வேலையே இல்லாத இடத்தில் படம் உச்சத்தைத் தொடுகிறது. எம்.ஜி.ஆர். நடித்த பிற்காலப் படம் ஒன்றில் இப்படியொரு காட்சியை நினைத்துப் பார்க்க முடியாது.

வயதைப் பார்வையாளர்கள் அப்போது பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்கு ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' (1942) சான்று. சிலப்பதிகாரத்தில் மணநாளன்று கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. திரையில் கண்ணகியான பி. கண்ணாம்பாவுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. கோவலனான சின்னப்பா அவரைவிட ஐந்து வயது சிறியவர். கண்ணாம்பாவின் வசன உச்சரிப்புக்காகவே படம் பார்க்கப்பட்டது.

ஒரு படம், இரண்டு நாயகிகள்

திருப்பம் எங்கே என்று ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் 'நாடோடி மன்னன்' (1958) என்று சொல்லலாம். எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய படம். முற்பாதியில் நாயகி பானுமதி. படப்பிடிப்பின் நடுவே தயாரிப்பாளரோடு ஒத்துப்போகாமல் அவர் விலகிக்கொண்டார். அவர் ஏற்ற மதனா என்னும் பாத்திரம் கதையில் இறந்துபோகிறது. பிற்பாதியில் வருகிறார் பி. சரோஜாதேவி. எம்.ஜி.ஆருக்கு 41, பானுமதி 33ஐ நெருங்கிக்கொண்டிருந்தார், சரோஜாதேவிக்கு 20. கறுப்பு வெள்ளையில் தொடங்கிய படம் பின்பகுதியில் வண்ணத்துக்கு மாறுகிறது. ஜோடியின் வயது வித்தியாசம் எட்டிலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவியதும் அதே படத்தில்தான். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் முதலாளியும் நாயகனும் ஒரே ஆளாகிவிட்டால் போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

சரோஜாதேவி எம்.ஜி.ஆரோடு சுமார் பத்து ஆண்டு ஜோடி சேர்ந்தார். 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தில் 17 வயது ஜெயலலிதா 48 வயது எம்.ஜி.ஆருக்கு ஜோடியானார், 1973 வரை இருவரும் 28 படங்கள் நடித்தார்கள். 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) வந்தபோது வாலிபனுக்கு 56; நாயகியரில் ஒருவரான லதா இருபதை ஒட்டியவர்.

மனைவி, அம்மா, பாட்டி

ஜோடி இளமையாகிக்கொண்டே போனபோது பழைய நாயகிகள் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் அதே படங்களிலேயே இருந்தார்கள், வேறு புடவையில். காதோரம் கொஞ்சம் வெள்ளைப் பூச்சு, மூக்குக் கண்ணாடி, வெளிர்நிறச் சேலை. ஒப்பனை மேசையில் அரைமணி நேரத்தில் இருபது வயதைக் கூட்டிவிடலாம். பக்கத்து நாற்காலியில் நாயகனுக்கு அதே நேரத்தில் இருபது வயதைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணகியாக நடித்த கண்ணாம்பா 'மனோகரா'வில் (1954) சிவாஜிக்குத் தாய். 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961) படத்தில் எம்.ஜி.ஆருக்குத் தாய், இருவருக்கும் வித்தியாசம் ஐந்தாறு ஆண்டுதான். சேலத்து 'உத்தம புத்திரன்' நாயகி எம். வி. ராஜம்மா, 'கர்ணன்' (1964) படத்தில் சிவாஜியைப் பெற்ற குந்தி. பண்டரிபாயின் கதை இன்னும் விசித்திரம். 'பராசக்தி'யில் (1952) சிவாஜியின் முதல் ஜோடி அவர். 'குடியிருந்த கோயில்' (1968) படத்தில் தம்மைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த எம்.ஜி.ஆருக்குத் தாய். அடுத்த ஆண்டு 'தெய்வ மகன்' படத்தில் மூன்று சிவாஜிகள். அவர்களில் ஒருவருக்கு மனைவியாகவும் மற்ற இருவருக்குத் தாயாகவும் பண்டரிபாயே. 'மன்னன்' (1992) வந்தபோது ரஜினிகாந்தின் அம்மா.

அடுத்த தலைமுறையில் இந்த வழக்கம் இன்னும் இறுகியது. 1953இல் பிறந்த ஸ்ரீவித்யா, கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் தம்மைவிட ஒரு வயது இளைய கமல்ஹாசன் விரும்பும் மூத்த பெண்ணாக நடித்தார். வளர்ந்த மகள் ஒருத்திக்குத் தாய் வேறு. நடிகையின் உண்மை வயது 22. அதில் அவருடைய கணவராக வந்து அறிமுகமானவர் ரஜினிகாந்த். பதினாறு ஆண்டுக்குப் பின் 'தளபதி'யில் (1991) ரஜினியின் தாய் ஸ்ரீவித்யா. மகன் தாயைவிட இரண்டரை வயது மூத்தவர். 'அவர்கள்' (1977) படத்தில் ரஜினியின் மனைவியான சுஜாதா 'பாபா'வில் (2002) அவருடைய அம்மா. 'நெற்றிக்கண்' (1981) படத்தில் ரஜினிக்கு மனைவியாக நடித்த லட்சுமி 'படையப்பா'வில் (1999) தாய். அதிலும் லட்சுமிக்குக் கணவர் அவரைவிட 24 வயது மூத்த சிவாஜி. 'அருணாசலம்' (1997) படத்தில் கூன் விழுந்த பாட்டியாக வந்த வடிவுக்கரசியும் ரஜினியைவிட இளையவரே.

எதிர்த்திசையிலும் விந்தைகள் உண்டு. 'மூன்று முடிச்சு' (1976) வந்தபோது ஸ்ரீதேவிக்கு 13 வயது. கதைப்படி அவர் ரஜினிக்குச் சிற்றன்னை ஆகிறார். 'அன்புள்ள ரஜினிகாந்த்' (1984) படத்தில் குழந்தையாக வந்த மீனா 'எஜமான்' (1993) படத்தில் அதே ரஜினிக்கு மனைவி.

இவற்றை வெறும் கேலிக்குரிய முரண்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தாய்ப்பாசமே கதையின் முதுகெலும்பாக இருந்த படங்களில் அம்மா வேடம் சின்ன வேடம் அல்ல. ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய, ஒரு காலத்தில் அவர்கள் ரசித்த முகம் அதற்குத் தேவைப்பட்டது. 'தளபதி'யில் ஸ்ரீவித்யாவின் கண்கள் செய்த வேலையை உண்மையிலேயே அறுபது வயதான ஒரு துணை நடிகையிடம் கேட்டிருக்க முடியாது. பிழை இருப்பது அந்த நடிப்பில் அல்ல. முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்கு அம்மாவைத் தவிர வேறு கதை எழுதாத கையில்.

வியாபாரம்

தமிழ்நாட்டில் படங்கள் ஏரியா ஏரியாவாக விற்கப்பட்டன. சேலம் அப்படி ஓர் ஏரியா. கோவை, மதுரை, திருச்சி போன்றவை மற்றவை. படம் முடிவதற்கு முன்பே நாயகன் பெயரைச் சொல்லி விநியோகஸ்தரிடம் முன்பணம் வாங்கும் முறையில், மாறக்கூடாத சரக்கு நாயகன். ஒவ்வொரு படத்திலும் ஏதாவது புதிதாக இருக்க வேண்டுமே. அந்தப் புதுமையை நாயகி தலையில் கட்டினார்கள். ஸ்டுடியோ முறை தளர்ந்து, ரசிகர் மன்றங்கள் பெருகி, நாயகர்கள் அரசியலிலும் கால் வைத்தபோது இது இறுகிவிட்டது. நடிகைக்குக் கல்யாணம் என்று செய்தி வந்ததுமே அவரை 'ஃபீல்டு அவுட்' கணக்கில் சேர்ப்பது சினிமாப் பத்திரிகைகளின் வழக்கம். நாயகனின் பேரன் பிறந்த செய்தி அவருடைய அடுத்த படத்துக்கு விளம்பரமாகும். 'லிங்கா' (2014) வெளியான நாளில் ரஜினிகாந்துக்கு 64 நிறைந்தது. நாயகியரில் ஒருவரான சோனாக்ஷி சின்ஹாவுக்கு 27.

ஜனங்கள் இளம் முகத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் நியாயம். வசூலான படங்கள் அதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. 'ஔவையார்' (1953) படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கிழவி வேடத்திலேயே படத்தைத் தூக்கி நிறுத்தினார். கல்யாணத்திலிருந்து தப்ப முதுமையை வரமாக வாங்கும் பெண்ணின் கதை அது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜிக்கு 39, பத்மினிக்கு 36. பத்மினி மணமாகி ஆண்டுகள் ஆகியிருந்தன; மோகனாவாக வேறொருவரை இன்றும் யாரும் கற்பனை செய்வதில்லை. பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) வயது வித்தியாசத்தை மறைக்காமல் அதையே கதையாக்கியது. ஐம்பத்தாறு வயது சிவாஜி நரைத்த தலையோடு வந்தார். ராதாவுக்கு இருபதை ஒட்டிய வயது. அதே ஆண்டு 'பூவே பூச்சூடவா'வில் பத்மினி பாட்டியாக நடித்தார். அந்தப் பாட்டியைச் சுற்றித்தான் கதை நடக்கிறது.

பெரிய திரை கைவிட்டவர்களைச் சின்னத்திரை வாரிக்கொண்டது. 1999இல் சன் டிவியில் தொடங்கிய 'சித்தி' ராதிகாவை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அதில் கதை நாற்பதை நெருங்கும் பெண்ணின் பக்கம் இருந்தது. திரையில் இது மெதுவாக வந்தது. மலையாளத்தில் மஞ்சு வாரியர் மீண்டு வந்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ'வின் தமிழ் வடிவமான '36 வயதினிலே' (2015) படத்தில் ஜோதிகா தம் உண்மை வயதிலேயே நடித்தார். '96' (2018) படத்தில் பள்ளிக்காலக் காதலர்களாக 40 வயது விஜய் சேதுபதியும் 35 வயது த்ரிஷாவும். சிறுவயதுக் காட்சிகளுக்கு வேறு இளம் நடிகர்கள். ஒப்பனையால் வயதைக் குறைக்க வேண்டிய அவசியமே அந்தப் படத்தில் எழவில்லை.

பிற திரையுலகங்கள்

இந்தியில் ராக்கி 'கபி கபீ'யில் (1976) அமிதாப் பச்சனின் காதலி, ஆறே ஆண்டில் 'சக்தி' (1982) படத்தில் அவருக்குத் தாய். அமெரிக்காவில் 'தி கிராஜுவேட்' (1967) படத்தில் இளைஞனை மயக்கும் நடுவயதுப் பெண்ணாக வந்த ஆன் பான்கிராஃப்ட், அந்த இளைஞனாக நடித்த டஸ்டின் ஹாஃப்மனைவிட ஆறு வயதுதான் மூத்தவர். 37 வயதில் தமக்கு, 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்க வயது அதிகம் என்று பதில் வந்ததாக மேகி ஜிலென்ஹால் 2015இல் சொன்னபோது அங்கே இந்தப் பேச்சு சூடுபிடித்தது. தமிழில் அப்படி வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு. அடுத்த படம் அந்த நாயகனோடுதான் என்ற நிலையில் யார் வாய் திறப்பார்?

கணினி வந்த பிறகு ஒப்பனை மேசையின் வேலையில் ஒரு பகுதி அதனிடம் போயிருக்கிறது. வெங்கட் பிரபுவின் 'தி கோட்' (2024) படத்தில் 50 வயது விஜய் தந்தையாகவும், கணினியால் வயது குறைக்கப்பட்டு மகனாகவும் வருகிறார். 'வசீகரா' (2003) படத்தில் விஜய்க்குக் காதலியாக நடித்த சினேகா, இதில் ஒரு விஜய்க்கு மனைவி, இன்னொரு விஜய்க்கு அம்மா.