துணையற்ற புலம்பெயர் சிறாரும் அமெரிக்க அரசின் பொறுப்பும் (1984–2008)

முன்னுரை

பெற்றோரின்றி எல்லை கடந்து வரும் சிறாரை அரசு இருவகையாகக் காணக்கூடும். உரிய ஆவணமின்றி நுழைந்த அயல்நாட்டவர் என்பது ஒரு பார்வை. காப்பாரற்ற குழந்தை என்பது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விரு பார்வைகளும் 1984 முதல் 2008 வரை சட்டத்தில் எவ்வாறு இடம்பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காவலும் வழக்கும்

1980களில் எல் சால்வடோர், குவாத்தமாலா ஆகிய நாடுகளின் உள்நாட்டுப் போர்களால் பலர் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். தனித்து வந்த சிறாரும் அவர்களுள் அடங்குவர். பிடிபட்ட சிறாரைப் பொதுவாகப் பெற்றோரிடமோ சட்டப்படியான காப்பாளரிடமோ மட்டுமே விடுவிப்பது எனக் குடிவரவுத் துறையின் மேற்கு வட்டார அலுவலகம் 1984இல் வகுத்தது. ஆவணமற்ற பெற்றோருக்கு நேரில் வருவதே தாமும் பிடிபடும் இடராயிற்று. பிற உறவினர் ஏற்க முன்வரினும் சிறார் காவலிலேயே வைக்கப்பட்டனர். இதனை எதிர்த்து 1985இல் ஃபுளோரஸ் வழக்கு தொடரப்பட்டது.

1988இல் உடன்பிறந்தார், பாட்டன், பாட்டி, அத்தை, மாமன் முதலியோரிடமும் விடுவிக்க இடமளிக்கும் விதி வந்தது. 1993இல் உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் அவ்விதி செல்லும் என்றது. வழக்கில் அரசே வென்றது. எனினும், தேவையற்ற தாமதமின்றி விடுவித்தல், வயதிற்கேற்ற குறைந்த கட்டுப்பாடுள்ள இடத்தில் வைத்தல் ஆகிய நெறிகள் 1997ஆம் ஆண்டு உடன்பாட்டின் வழியே கிடைத்தன.

பொறுப்பு மாற்றம்

சிறாரைக் காவலில் வைப்பதும், பேணுவதும், நாடுகடத்த வாதிடுவதும் ஒரே துறையின் பணிகளாக இருந்தமை அடிப்படை முரண்பாடாகும். 2002ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பேணும் பொறுப்பை நலத்துறையின்கீழ் இயங்கும் அகதிகள் மீள்குடியமர்வு அலுவலகத்திற்கு மாற்றியது. 2008ஆம் ஆண்டு ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம், விதிவிலக்கான சூழல் நீங்கலாக, 72 மணி நேரத்திற்குள் சிறாரை அவ்வலுவலகத்திடம் ஒப்படைக்கப் பணித்தது.

விதிவிலக்கும் விளைவும்

அண்டை நாடுகளான மெக்சிகோ, கனடா ஆகியவற்றின் சிறாருக்கு அதே சட்டம் வேறு வழி வகுத்தது. ஆட்கடத்தலுக்கு ஆளாகாதவர், திரும்பிச் செல்ல அஞ்சாதவர், தாமே முடிவெடுக்க வல்லவர் எனக் கண்டால், அவர்தம் இசைவுடன் எல்லையிலிருந்தே திருப்பி அனுப்பலாம். இதனைக் கண்டறிய 48 மணி நேரம் வரையறுக்கப்பட்டது. நடைமுறையில் இவ்வினாக்களைக் கேட்போர், சிறாரைப் பிடித்த எல்லைக் காவலரே. சீருடை அணிந்தவரிடம் தன் அச்சத்தை ஒரு குழந்தை உடனே வெளியிடும் என்று இவ்வேற்பாடு கருதுகிறது.

2014 நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் பிடிபட்ட துணையற்ற சிறார் 68,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 15,000க்கும் மேற்பட்டோர் மெக்சிகோவினர். ஒரே பாலைவனத்தைக் கடந்த ஒத்த வயதினருள் ஒருவர் காப்பகத்திற்கும் மற்றவர் எல்லைக்கு அப்பாலும் அனுப்பப்படுவதற்குப் பிறந்த நாடே காரணமாகக்கூடும்.

முடிவுரை

பிடிப்பவரும் பேணுபவரும் வெவ்வேறானோராக இருத்தல் வேண்டும் என்பதே இக்காலகட்டச் சட்ட வளர்ச்சியின் சாரம். அந்நெறி மெக்சிகோச் சிறாரை முழுமையாகச் சென்றடையவில்லை. 'குழந்தை' என்னும் வகைப்பாடு நாட்டெல்லையைக் கடந்ததாக அமையாதவரை அச்சீர்திருத்தம் நிறைவுறாது எனலாம்.