ஜப்பான் நாடு சட்டத்தால் மீட்ட உரிமை

இருப்புப்பாதை அலுவலகத்தில் காலங்கழிக்கும் நமக்கு ஜப்பான் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்நாட்டின் முதல் ரயிலே. 1872ஆம் ஆண்டு அக்டோபரில் ஷிம்பாஷிக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே அது ஓடத் தொடங்கிற்று. அதற்கெனப் பணம் இலண்டனில் நூற்றுக்கு 9 வட்டிக்குத் திரட்டப்பட்டது. ஆயினும் அப்பாதை சென்று முடியும் துறைமுகத்திலே, ஜப்பானியச் சட்டம் மேலைநாட்டாரைத் தீண்ட இயலாதிருந்தது!

1858இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பிறரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, குற்றம் புரிந்த அயலாரை அவரவர் நாட்டுக் கான்சலே விசாரிப்பார். சுங்கத் தீர்வையைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமையும் ஜப்பானுக்கு இல்லை.

இதன் கொடுமையை 1886ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்திற்று. நார்மன்டன் என்னும் ஆங்கிலக் கப்பல் கீ தீபகற்பத்தருகே மூழ்கியது. கப்பல் தலைவரும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர். ஜப்பானியப் பயணிகள் 25 பேரில் ஒருவரும் பிழைத்தாரில்லை. பிரயாணிகளைக் கைவிட்டு கார்டு முதலில் இறங்கி ஓடினால் நம் தொழிலில் எவரேனும் பொறுப்பரோ? கோபேயில் பிரிட்டிஷ் கான்சலோ தலைவர்மீது குற்றமில்லை என்றார். நாடே கொதித்தெழுந்த பின்னர் மீண்டும் வழக்கு நடந்தது. தண்டனை மூன்று மாதச் சிறை.

“உம் சட்டம் நாகரிகச் சட்டமன்று” என்பதே மேலையார் சொல்லிவந்த காரணம். ஜப்பானியர் அக்காரணத்தையே அறுக்க முற்பட்டனர். பிரெஞ்சு சட்ட அறிஞர் புவாசொனாதை வரவழைத்து இயற்றிய குற்றவியல் சட்டம் 1882இல் நடைமுறைக்கு வந்தது. 1889இல் இத்தோ ஹிரோபுமி முதலானோர் வகுத்த அரசியலமைப்பு வெளியாயிற்று. 1898இல் குடியியல் சட்டம் நிறைவெய்தியது. 1894இல் பிரிட்டன் புதிய உடன்படிக்கைக்கு இசைந்தது. 1899இல் கான்சல் நீதிமன்றங்கள் ஒழிந்தன. சுங்க உரிமை முழுமையாகக் கிட்டியது 1911இல்தான்.

இவ்வளவுக்கும் பொருள் தந்தவன் உழவனே. நிலமதிப்பில் நூற்றுக்கு 3 வீதம், அதுவும் ரொக்கமாக, வரி செலுத்துமாறு 1873இல் விதித்தனர். கிளர்ச்சிகள் மூண்ட பின்னரே 1877இல் இரண்டரையாகக் குறைத்தனர். அத்தகைய உழவருள் பெரும்பாலோர்க்கு 1889ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் வாக்குரிமை இல்லை. 15 யென் நேர்வரி கட்டும் ஆடவர்க்கே அது உரியதாயிற்று.

நமக்கு வருத்தந்தரும் செய்தி வேறொன்றும் உண்டு. அயலாரின் கான்சல் நீதிமன்றங்களால் ஜப்பான் குமுறிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1876இல், தன் போர்க்கப்பல்களைக் காட்டிக் கொரியாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கொரியத் துறைமுகங்களில் குற்றம் புரியும் ஜப்பானியரை ஜப்பானிய அதிகாரியே விசாரிப்பார் என்பது அதில் ஒரு விதி.